பேரையூரில் ஐம்பத்திரண்டு டிகிரி

“வியாழன். வைகாசி பிறந்த வாரம். வெளியே வெயில் கடுமை, கடைக்குள் ஏ.சி. ஓடுகிறது. பேரையூர் கவிதாவின் கார்டு. கோர் கூட்டியது 105. மெமரி கூட்டியது 400. வோல்டேஜ் தொடவில்லை. அரை நாள் சோதனை. உச்ச வெப்பம் 71. புள்ளி, கோடு, ஹேங் எதுவும் இல்லை. ஒப்படைத்தாயிற்று.”

எங்கள் கடையின் வேலைத்தாள் ஒன்றில் என் கையெழுத்தில் இருக்கும் குறிப்பு இது. மதுரை டவுன் ஹால் ரோட்டுச் சந்து ஒன்றில் இருபது வருஷத்துக்கு மேலாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன். தேதி, கிழமை, அறையின் வெக்கை எல்லாவற்றையும் எழுதி வைப்பது பழக்கம். சரித்திரப் புத்தகங்கள் படித்துப் படித்து ஒட்டிக்கொண்டது. கல்வெட்டு வெட்டியவன்கூட ராஜா பெயரோடு ஆட்சியாண்டையும் சேர்த்து வெட்டினான். கீபோர்டில் தட்டுகிற நமக்கு என்ன கேடு? என் கூட்டாளி பாண்டிக்கு இது பெரிய வேடிக்கை. வருகிற வாடிக்கையாளர்களிடம் எல்லாம், “பாய் டீ குடிச்சாக்கூட டம்ளர் சூட்டைக் குறிச்சு வச்சுக்கிட்டுத்தான் குடிப்பாரு” என்பான்.

கம்ப்யூட்டரில் படத்தை உருவாக்கும் கிராபிக்ஸ் கார்டை ஓவர்கிளாக் செய்வது எப்படி என்று கேட்டு இப்போது நிறையப் பேர் வருகிறார்கள். கம்பெனி வைத்து அனுப்பிய வேகத்துக்கு மேலே நாமாகக் கூட்டுவதற்கு அந்தப் பெயர். செய்முறை எல்லோருக்கும் வீடியோவில் கிடைக்கிறது. வீடியோவில் கிடைக்காததைச் சொல்ல எனக்குப் பேரையூர் கார்டுதான் சரியான உதாரணம்.

1. எட்டுச் சதவீதம்

கவிதா பேரையூரில் ‘எலிவேஷன்’ செய்து கொடுப்பவர். வீடு கட்டுவதற்கு முன்பே, கட்டி முடித்தால் எப்படி நிற்கும் என்பதை வெயில், நிழல், வாசலில் ஒரு கார் உட்படக் காட்டும் 3டி படம். சிவில் டிப்ளமோ முடித்து, சென்னையில் இதே வேலையைச் சில வருஷம் பார்த்துவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு ஊர் திரும்பி, மாமியார் வீட்டு முன்னறையில் தொழிலைத் தொடங்கியிருந்தார். கம்ப்யூட்டர் எங்கள் கடையில் வாங்கியது. கார்டு பழையது, ஆனால் ஒழுங்கான கார்டு.

அந்த வைகாசியில் அவருக்கு ஒரு பெரிய வேலை வந்தது. தங்கவேல் என்று ஒரு பருத்தி வியாபாரி கல்யாண மண்டபம் கட்டப் போகிறார். வாசலில் நுழைந்து, மேடையைப் பார்த்து, பந்தி ஹால் வழியாக வெளியே வருவது போல ஒரு வீடியோ வேண்டும். பூமி பூஜை அன்று பந்தலில் டி.வி. வைத்து உறவுமுறைக்குப் போட்டுக் காட்டுவார். அது பிடித்துவிட்டால் மண்டபத்தின் உள் வேலை டிசைன் முழுவதும் கவிதாவுக்கு. இல்லாவிட்டால் மதுரையில் ஒரு கம்பெனி தயாராக இருக்கிறது.

அவரும் கணவரும் வீட்டில் ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்கள். இந்த வேலை கைக்கு வராவிட்டால் முன்னறையைக் காலி செய்துவிட்டுக் கவிதா மட்டும் மறுபடி சென்னை அலுவலகத்துக்குப் போவது. கணவருக்குத் திருமங்கலத்தில் வேலை. மகள் ஒன்றாம் வகுப்பு. பேரையூரில் அப்பாவும் பிள்ளையும், சென்னையில் அம்மா. இதைச் சொல்லும்போது அவர் குரல் மாறவில்லை. கையிலிருந்த சாவிக்கொத்தை மட்டும் திருப்பிக்கொண்டே இருந்தார்.

சிக்கல் நேரம். படத்தின் ஒவ்வொரு பிரேமையும் கார்டு தனித்தனியாகக் கணக்குப் போட்டு எழுத வேண்டும், அதுதான் ரெண்டர். அப்போது ஓடிய வேகத்தில் போனால், பூஜை முடிந்து சாப்பாடும் முடிந்து இலை எடுத்த பிறகுதான் வீடியோ முடியும்.

“பாய், இதை எம்புட்டு வேகமா ஓட்ட முடியும்? உண்மையச் சொல்லுங்க.”

“பறக்க விட்ருவோம் தங்கச்சி,” என்றான் பாண்டி.

“எட்டுச் சதவீதம்மா,” என்றேன். “அதுக்கு மேல கேட்டா, பூசை வரைக்கும் தாங்கும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன்.”

கவிதா போனை எடுத்துக் கணக்குப் போட்டார். “எட்டு வந்தாப் போதும் பாய். இலை போடுறதுக்கு முன்னாடி முடிஞ்சிரும்.”

2. முதலில் தூசி

கார்டைக் கழற்றினால், சூட்டை இழுத்து வெளியே விடும் ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே கரிசல் தூசியும் பருத்திப் பஞ்சும் சேர்ந்து ஒரு மெத்தையே இருந்தது. சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே தடவியிருக்கும் தெர்மல் பேஸ்ட் பொரித்த அப்பளமாக நொறுங்கியது. தூசி எடுத்துப் புதுப் பேஸ்ட் தடவியதுமே கார்டு ஓரளவு வேகம் பிடித்துவிட்டது. சூட்டில் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள அது வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்திருக்கிறது. ஓவர்கிளாக் வேண்டும் என்று வருகிறவர்களில் பலருக்குத் தேவை ஒரு பிரஷ்தான். அதைச் சொன்னால் முகம் வாடிவிடுகிறது.

பிறகுதான் ஏற்றும் வேலை. கோர், அதாவது கணக்குப் போடும் சிப்பின் வேகத்தைப் பதினைந்து பதினைந்து மெகாஹெர்ட்ஸாகக் கூட்டி, ஒவ்வொரு படிக்கும் ஒரு சோதனை ஓட்டம். 135இல் படம் உறைந்து நின்றது. அங்கிருந்து ஒரு படி இறங்கினால் ஓடும். நான் இரண்டு படி இறங்கினேன். கடையில் ஓடுவது வேறு, வாரக்கணக்கில் ஓடுவது வேறு. அடுத்து, கோரைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட்டு படத்தைத் தேக்கி வைக்கும் மெமரியைத் தனியாக ஏற்றிப் பார்த்தேன். மெமரி வேகம் அதிகமானால் கார்டு உறையாது. படத்தில் வண்ணப் புள்ளிகள் தெளிக்கும். புள்ளி வந்த இடத்திலிருந்து தாராளமாகக் கீழே இறங்கி 400இல் நிறுத்தினேன். கடைசியில் இரண்டையும் சேர்த்து வைத்து, கவிதாவின் மண்டபத்தையே ஓட்டிப் பார்த்தோம். வோல்டேஜைத் தொடவே இல்லை. கார்டு செத்துப்போகும் வழிகளில் அதுதான் சீக்கிரமான வழி.

எதற்கு ஒவ்வொன்றாக, இரண்டையும் சேர்த்தே ஏற்றிவிட்டால் நேரம் மிச்சம்தானே என்று பாண்டி எப்போதும் கேட்பான். அன்றும் கேட்டான்.

“ஒரே குழம்புல ரெண்டு பேரு உப்புப் போட்டா, கரிச்சது யாரு உப்புன்னு தெரியுமாடா?” என்றேன். இந்தக் கேள்வி பிற்பாடு என் மீதே திரும்பி வந்தது.

ஒப்படைக்கும்போது பாண்டி திரையின் மூலையைக் காட்டினான். “தங்கச்சி, இந்த நம்பர் தெரியுதுல்ல, அதுதான் கார்டோட சூடு. எழுபத்தஞ்சைத் தாண்ட விடாதீக. அதை மட்டும் பாத்துக்கிட்டாப் போதும், மத்ததெல்லாம் பாய் பாத்துட்டாரு.”

3. நல்ல நம்பர்

வெள்ளிக்கிழமை மதியம் கவிதா போன் செய்தார். ரெண்டர் ஜோராக ஓடுகிறதாம். “சூடு ஐம்பத்திரண்டுதான் காட்டுது பாய்.”

போன் ஸ்பீக்கரில் இருந்தது. பாண்டி தன் தோளைத் தானே தட்டிக்கொண்டான். எனக்கு அந்த நம்பர் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது. எங்கள் கடையில் ஏ.சி. காற்று இருபத்தைந்து. அதில் கார்டு எழுபத்தொன்று. அதாவது அறையைவிட நாற்பத்தாறு கூட. பேரையூர் முன்னறையில் மதியம் முப்பத்தைந்துக்குக் குறையாது. அப்படியானால் கார்டு எண்பதை ஒட்டியல்லவா இருக்க வேண்டும்?

“ஏம்மா, ஏ.சி. கீ.சி. வாங்கிட்டீகளா?”

“அதெல்லாம் இல்ல பாய். எங்க அத்தை ஒரு ஏற்பாடு பண்ணியிருக்காங்க,” என்று சிரித்தார். அத்தை என்றால் மாமியார். டேபிள் ஃபேனாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் டேபிள் ஃபேன் அவ்வளவு செய்யாது.

“சூடு கூடுனா கவலைப்படலாம் பாய்,” என்றான் பாண்டி. “கொறைஞ்சதுக்குக் கவலைப்படுற ஒரே ஆளு இந்த மதுரையிலயே நீங்கதான்.”

நான் 52 என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

சனிக்கிழமை காலை மறுபடி போன். இந்தத் தடவை சிரிப்பு இல்லை. மேடையின் பின்சுவர் வரும் பிரேம்களில் பச்சைப் புள்ளிகள். “அம்மை போட்ட மாதிரி இருக்கு பாய்.” பூமி பூஜை திங்கள் காலை.

புள்ளி என்றால் மெமரி. பாண்டி போனிலேயே வழி சொல்லி 400ஐ 200ஆகக் குறைக்க வைத்தான். புள்ளி குறைந்தது, நிற்கவில்லை. ரெண்டரை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டு, கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு பாண்டியின் பைக்கில் கிளம்பினோம்.

4. அத்தையின் ஏற்பாடு

திருமங்கலம் தாண்டி, கல்லுப்பட்டியில் ஒரு மோர் குடித்து, பேரையூர் போய்ச் சேரும்போது உச்சி வெயில். கவிதாவின் வீட்டு நடு அறையில் மாமனார் பனியனைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். பேத்தி பனையோலை விசிறியால் தனக்கு ஒரு தடவை, தாத்தாவுக்கு ஒரு தடவை என்று முறை வைத்து வீசிக்கொண்டிருந்தாள். மேலே ஃபேன் சுற்றியது, அனல் காற்று.

முன்னறைக்குள் காலை வைத்தால் கொடைக்கானல்.

அந்த வீட்டில் இருந்த ஒரே ஏர் கூலர், இடுப்பு உயரம், கம்ப்யூட்டர் கேபினெட்டுக்கு எதிரே நின்றது. கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தார்கள். கூலரின் வாய் நேராகக் கார்டைப் பார்த்து ஊதியது. அத்தை ஒரு வாளித் தண்ணீரோடு பின்னாலேயே வந்தார்.

“வாங்க தம்பி. சூடு ஏறக்கூடாதுன்னு நீங்க சொன்னீகளாமே, அதான் இதை இங்கன தூக்கி வச்சிட்டோம். எங்களுக்கென்ன, விசிறி கெடக்கு. ரெண்டு நாளா ஐம்பத்திரண்டைத் தாண்ட விடல.”

பாண்டி என் முகத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தான். அவன் சொன்னது ஒரே ஒரு நம்பர். அந்த வீடு மொத்தமும் வேர்த்து வடிந்து அந்த நம்பரைக் காத்து வந்திருக்கிறது. கோபப்பட யாருக்கு வாய் வரும்?

கூலரை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். கார்டின் முதுகில் வெள்ளையாக ஒரு படலம். மெமரி சிப்புகளின் ஓரங்களில் பொடிப் பொடியாகத் திட்டு. பாண்டி விரலால் தொட்டு நாக்கில் வைத்தான்.

“உப்பு,” என்றான்.

“எங்க போர்த் தண்ணி அப்படித்தான்,” என்றார் கவிதா. சொல்லி முடிக்கும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது, வாயைப் பொத்திக்கொண்டார்.

பேரையூர்ப் பக்கம் பல போர்களில் உப்புத்தண்ணீர்தான். குடிக்கக் கேன் வாங்குவார்கள். கூலர் ஊதும் காற்றில் கண்ணுக்குத் தெரியாத திவலைகளும் பறக்கும். மனிதர் மேல் பட்டால் சுகம். கார்டு மேல் பட்டால் தண்ணீர் காய்ந்துவிடும், உப்பு தங்கிவிடும். அதன்மேல் மறுபடி ஈரம் பட்டால் உப்பு கரண்டைக் கடத்தும். மூலையில் இருக்கும் நம்பருக்கு இதெல்லாம் தெரியாது. அது சூட்டை மட்டும்தான் சொல்லும்.

“அப்ப கேன் தண்ணி ஊத்தியிருக்கணுமா தம்பி?” என்று அத்தை கவலையாகக் கேட்டார்.

“அத்தை, நீங்க அதுக்குச் சோறு ஊட்டாம விட்டீகளே, அதே பெருசு,” என்றான் பாண்டி. அதன் பிறகுதான் வீட்டில் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

5. பேட்டரித் தண்ணீர்

கருவிப் பையில் ஐ.பி.ஏ. இருந்தது, போர்டு துடைக்கிற ஸ்பிரிட். எண்ணெய்ப் பிசுக்கை அது எடுக்கும், உப்பைக் கரைக்காது. உப்புக்குத் தண்ணீர்தான் வேண்டும், அதுவும் உப்பே இல்லாத தண்ணீர். பாண்டி பஜாருக்கு ஓடிப்போய் ஒரு பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் இரண்டு கேன் வாங்கி வந்தான்.

ஃபேன்களையும் ஹீட்சிங்கையும் கழற்றி வைத்துவிட்டு, வெறும் போர்டை ஒரு தாம்பாளத்தில் சாய்த்துத் தண்ணீரை ஊற்றி மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்தேன். அத்தை வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏன் தம்பி, காத்துல துளி பட்டதுக்கே குடி முழுகிப் போச்சுன்னீக. இப்ப மொண்டு மொண்டு ஊத்துறீகளே?”

கரண்ட் இல்லாதபோது சுத்தத் தண்ணீர் போர்டை ஒன்றும் செய்யாது, நன்றாகக் காய்ந்துவிட்டால் போதும் என்று விளக்கினேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. கடைசியாக ஐ.பி.ஏ. ஊற்றிக் கழுவி, துண்டு விரித்து, டேபிள் ஃபேன் காற்றில் வைத்தோம். ஈரமே இல்லாத அந்த ஊர்க் காற்று அன்றைக்கு எங்களுக்கு வேலைக்காரன் மாதிரி உழைத்தது. நாங்கள் சாப்பிட்டு முடித்து, பாண்டி ஒரு குட்டித் தூக்கமும் போட்டு எழுவதற்குள், சிப்புகளுக்கு அடியில்கூட ஈரம் இல்லை.

இன்னொரு சந்தேகமும் எனக்கு இருந்தது. இந்தக் காலத்துக் கார்டுகள் குளிர்ச்சியாக இருந்தால் தாமாகவே இன்னும் கொஞ்சம் வேகம் ஏறிக்கொள்ளும். நான் சோதித்தது எழுபத்தொன்றில். ஐம்பத்திரண்டில் அது நான் வைத்த வேகத்துக்கும் மேலே ஏறி ஓடியிருக்கும், கோர் எல்லை மீறினாலும் சில நேரம் புள்ளி வரும். அந்த இடத்தில் அதை யாரும் சோதிக்கவில்லை. ஆகவே புதுப் பேஸ்ட் தடவிக் கார்டைப் பூட்டியதும் மெமரியைக் கம்பெனி வைத்த இடத்துக்கே கொண்டுபோய், கோரையும் 60க்கு இறக்கினேன்.

பாண்டி பார்த்துக்கொண்டே இருந்தான். “உப்பையும் கழுவியாச்சு, வேகத்தையும் கொறைச்சாச்சு. ஒரு நேரத்துல ஒண்ணுன்னு சொல்லுவீகளே பாய்?”

“திங்கக்கெழமை வெள்ளன பூசைடா. ஒண்ணொண்ணாப் பாத்துக்கிட்டு இருந்தா வீடியோவ நம்ம ரெண்டு பேரு மட்டும்தான் பாக்கணும்.”

கேபினெட்டை மூடினோம். டேபிள் ஃபேனைக் கேபினெட்டுக்கு வைத்துவிட்டு, கூலரை நடு அறைக்குத் தள்ளினோம். பேத்தி விசிறியைப் போட்டுவிட்டு அதன் முன்னால் போய் வாயைத் திறந்துகொண்டு நின்றாள். ரெண்டர் ஓடியது. நம்பர் 77. கவிதா பதறினார். இந்தக் கார்டுக்கு எண்பது தாண்டினாலும் பயமில்லை, பாண்டி சொன்ன எழுபத்தைந்து எங்கள் கடை ஏ.சி.க்கான கணக்கு என்று சொன்னேன். புள்ளி இல்லை.

ஆனால் வேகம் குறைந்துவிட்டது. புள்ளி விழுந்த பிரேம்களையும் திரும்ப எழுத வேண்டும். ஒவ்வொரு பிரேமும் தனித்தனிக் கோப்பாக இருந்ததால் கெட்டதை மட்டும் எழுதினால் போதும். இருந்தும் கணக்கு இடித்தது. மறுபடி 105க்கு ஏற்றலாமா என்று பாண்டி கேட்டான். நான் கவிதா பக்கம் திரும்பினேன். கார்டு என்னுடையதாக இருந்தால் நானே முடிவு சொல்லியிருப்பேன்.

கவிதா மீதியிருந்த பிரேம்களை எண்ணிப் பார்த்தார். “வேணாம் பாய், இது இப்படியே ஓடட்டும். நான் படத்தக் கொறைச்சுக்கிறேன். பந்தி ஹாலோட நிப்பாட்டிருவோம். அதுக்கு அங்கிட்டு கை கழுவுற எடமும் பின்வாசலும்தான். கை கழுவுற எடத்தை யாரு டி.வி.யில தேடப் போறா?”

6. கை கழுவும் இடம்

திங்கள் காலை மழை அறிகுறி எதுவும் இல்லை, பந்தலுக்குள் லேசான காற்று. பாண்டியும் நானும் பின்வரிசை நாற்காலியில். கவிதா பென்டிரைவை டி.வி.யில் செருகிவிட்டு ஓரமாக நின்றார். அவர் கணவர் விடுப்பு எடுத்து வந்திருந்தார். அத்தை முன்வரிசை.

வாசல் வந்தது, தூண்கள் வந்தன, மேடை வந்தது. பின்சுவரில் ஒரு புள்ளி இல்லை. மேடை விளக்கு எரிந்தபோது பெண்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு. பந்தி ஹாலில் இலை போட்ட மேஜைகள் வரிசையாகப் போய் மறைந்தன. படம் முடிந்தது. கொஞ்சம் கைதட்டல்.

நடுவரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார். “எல்லாம் சரி. சாப்பிட்டுட்டுக் கை கழுவ எங்க போறது?”

அவ்வளவுதான். ஆமா, கை கழுவுற இடம் எங்கே என்று நாலா பக்கமும் குரல். தங்கவேல் கவிதாவைத் திரும்பிப் பார்த்தார். பாண்டி என் முழங்கையைப் பிடித்தான். எனக்குச் சாவிக்கொத்து நினைவு வந்தது.

கவிதா டி.வி.க்கு முன்னால் வந்து நின்றார். “நேரம் பத்தலைங்கய்யா, அதனால பந்தி ஹாலோட நிறுத்திட்டேன். ஆனா அந்த எடத்துக்கு நான் போட்டு வச்சிருக்கிறது எனக்கே திருப்தியா இல்ல. பின்பக்கமா போனாத் தேவலையா, வலது பக்கமா போனாத் தேவலையா? நீங்கதான் ஊரு ஊராப் பந்தியில உக்காந்தவங்க. சொல்லுங்க.”

பூமி பூஜைக்கு வந்த கூட்டம் அதன் பிறகு டிபனை மறந்துவிட்டது. பின்பக்கம் போனால் அடுத்த பந்திக்காரன் மேல் ஈரக்கை படும் என்றார் ஒருவர். வலது பக்கம் வைத்தால் ஐயர் வருகிற வழி என்றார் இன்னொருவர். கண்ணாடி வேண்டாம், ஆளுக்கு ஆள் தலை சீவிக்கொண்டு நிற்பார்கள் என்றார் முதல் பெரியவர். பிள்ளைகளுக்கு உயரம் குறைவாக ஒரு குழாய் வேண்டும் என்று சொன்னது நம் அத்தை.

தங்கவேல் சிரித்துக்கொண்டே கவிதாவிடம் வந்தார். “ஏத்தா, இம்புட்டுப் பேரு வாயையும் என்னால சமாளிக்க முடியாது. எல்லாத்தையும் நீயே குறிச்சுக்க. உள் வேலை முழுசையும் நீயே பாத்துரு.”

கவிதா கணவரைத் தேடினார். அவர் அதற்குள் மகளைத் தூக்கித் தோளில் உட்கார வைத்திருந்தார்.

சொல்ல வந்தது

ஓவர்கிளாக் செய்கிற தம்பி தங்கைகளுக்கு: தூசி தட்டுங்கள், சிறு படிகளாக ஏறுங்கள், உறைந்த இடத்திலிருந்து தாராளமாக இறங்குங்கள், வோல்டேஜை விட்டுவிடுங்கள். இதெல்லாம் எல்லோரும் சொல்வது. நான் சேர்ப்பது இரண்டு. கார்டு எந்த அறையில் உழைக்கப் போகிறதோ அந்த அறையில் ஒரு தடவை சோதியுங்கள். அப்புறம், கெட்ட நம்பர் வந்தால் எப்படிப் பதறிப்போய் விசாரிப்பீர்களோ, அப்படியே அளவுக்கு மீறி நல்ல நம்பர் வந்தாலும் விசாரியுங்கள்.

பேரையூர் முன்னறை இன்னும் திறந்திருக்கிறது. அந்தக் கார்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. பச்சைப் புள்ளிக்குக் காரணம் உப்பா, குளிரில் அது தானாக ஏறிய வேகமா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: உப்பில்லாத தண்ணீர் ஊற்றிக் கூலரை வைத்து, பழைய 105ஐயும் 400ஐயும் போட்டு ஒரு நாள் ஓட்டிப் பார்க்க வேண்டும். கவிதாவிடம் கேட்டேன். “ஓடுறதை ஏன் பாய் நோண்டணும்?” என்றுவிட்டார். அத்தையும் இனிக் கூலரைத் தர மாட்டாராம்.

ஆகவே அந்த வேலைத்தாளில் ‘காரணம்’ என்ற இடத்தில் நான் எழுதியிருப்பது அப்படியே இருக்கிறது: உப்பு அல்லது வேகம். சரிபார்க்கப்படவில்லை.